வெள்ளைத் துணியில் வெள்ளை நூல்

எங்கட வீட்டில ஊசிக்கு நூல் கோர்க்கிறது பிள்ளைகளின் வேலை. எப்ப இருந்து அப்பிடி ஆனது எண்டு யோசிச்சுப் பார்த்தால் சரியா ஞாபகம் வருகுதில்லை. அம்மா மெசினில் இருந்தபடியே "ஆராவது ஒராள் வாங்கோ" எண்டு கூப்பிடுவா. நாங்கள் மூண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டு இருப்பம். போன் கையில இருக்கிற ஆளுக்கு எழும்ப மனம் வராது. கடைசியில் தம்பிதான் போவான். அம்மாவுக்குப் பஞ்சி எண்டுதான் நாங்கள் நினைச்சிருந்தம்.

ஜனவரி எண்டால் எங்கட விறாந்தையில் வெள்ளைத் துணி குவிஞ்சு கிடக்கும். சீருடைத் துணியைச் சனம் சொப்பின் பையில் சுத்திக் கொண்டுவரும். 2019 ஜனவரியில் ஒரு அன்ரி தன்ர மகளின் சட்டையைத் திருப்பிக் கொண்டு வந்தா. கழுத்துப் பட்டியில் தையல் வளைஞ்சு போயிருந்தது. ஒரு தெறி, ஓட்டைக்கு நேரே வராமல் விலகியிருந்தது. அவ கோவிக்கவில்லை. "ஒருக்கா அவிட்டுத் தைச்சுத் தாங்கோ" எண்டு மட்டும் சொன்னா. ஆனால் அடுத்த கிழமை அவவின் மற்றப் பிள்ளையின் துணி வரவில்லை. பிறகு இன்னும் ரண்டு வீட்டுத் துணியும் வரவில்லை.

அண்டைக்கு நாங்கள் அம்மாவோட கதைச்ச விதம் இப்பவும் குத்துது. "கவனமாத் தைச்சால் என்ன?" "நாடகம் பாத்துக்கொண்டு தைச்சால் இப்பிடித்தான் வரும்." அம்மா திருப்பிக் கதைக்கவில்லை. "லைற் வெளிச்சம் காணாது பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டு இருந்து அவிட்டா. புது பல்ப் வாங்கிப் போட்டம். கொஞ்சம் சரிவந்தது. (வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கும், சுருங்கினால் கிட்டப் பார்வை கொஞ்சம் தெளியும். இதெல்லாம் பிறகு வாசிச்சு அறிஞ்சது.) மாசி முடிய அம்மா மெசினை விக்கப்போறன் எண்டு சொன்னா. அந்த மெசின்தான் எங்கள் மூண்டு பேரையும் படிப்பிச்சது.

கண்ணில பூ விழுந்திட்டுது எண்டு அவ தனக்குள்ளேயே முடிவு கட்டியிருந்தா. அதைச் சொன்னால் ஒப்பரேசன் எண்டு சொல்லுவினம், காசு வேணும், எங்களுக்குக் கரைச்சல். அதுதான் சொல்லாமல் இருந்திருக்கிறா. கிளினிக்கில் பாத்த டொக்டர் ரண்டு நிமிசத்தில் சொல்லிவிட்டார், பூவும் இல்லை ஒண்டும் இல்லை, வெள்ளெழுத்து எண்டு. அம்மாவுக்கு அப்ப 46 வயது.

எங்களுக்கு வெட்கமாய் இருந்தது. சாதாரண தரத்துக்குக் கண்ணின் படம் கீறி, குறைபாட்டுக்கு எந்த வில்லை போடவேணும் எண்டு எழுதி மாக்ஸ் வாங்கின ஆக்கள் நாங்கள்.

கண்ணுக்குள் இருக்கிற வில்லை சின்ன வயதில் மெத்தென்று இருக்கும். கிட்ட இருக்கிறதைப் பார்க்கும்போது அது தடிச்சு உருண்டு குடுக்கும். ஆனால் அந்த வில்லை வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கிறது. பழைய கலங்களைக் கழிச்சுவிடாமல் மேலே மேலே புதுசைச் சேர்க்கிறது. அதனால் வரவர இறுகி, கடைசியில் உருள மறுக்கிறது. இது எல்லாருக்கும் வரும், தப்பின ஆள் இல்லை. எங்களை உலுக்கினது இது தொடங்குகிற வயதுதான். 10 வயதுப் பிள்ளைக்கு 7 சென்ரிமீற்றர் கிட்டக் கொண்டுவந்தாலும் எழுத்துத் தெரியும். 20 இல் அது 10 ஆகும், 30 இல் ஏறக்குறைய 14, 40 இல் 22. 50 இல் 40 சென்ரிமீற்றருக்குப் போய்விடும். அதாவது நாற்பது தாண்டித்தான் அது தெரியவருகிறது, ஆனால் நடக்கத் தொடங்குகிறது நாங்கள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்குப் படிக்கிற காலத்தில்.

இதில பகிடி என்னெண்டால், உடம்பு மாறுகிறதைப் பற்றி எங்கட ஒழுங்கையில் அம்மாவுக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேறு ஆருக்கும் தெரியாது. அவவிட்ட அளவுக் கொப்பியள் இருக்கு. ஒரே பெண்ணின் சட்டை அளவு இருபது வருசத்துக்கு அதில இருக்கும். கலியாணச் சட்டை, பிள்ளை பிறந்த பிறகு தைச்சது, ஐம்பதுக்குப் பிறகு தைச்சது. மாதவிலக்கு நிண்ட பிறகு இடுப்பு அளவு கூடும், கை அப்பிடியே இருக்கும், சிலருக்கு மெலியும். கொழுப்பு இடம் மாறி வயித்துக்கு வருகுது, தசை குறையுது எண்டு புத்தகம் சொல்லுறதை அம்மா இஞ்சிக் கணக்கில் எழுதி வச்சிருக்கிறா. வயசான ஆக்களுக்கு முதுகு கூனினால் பின்பக்கத்துக்கு நீளம் கூட்டி முன்பக்கத்துக்குக் குறைக்கவேணும். கேட்டால் "அவவுக்கு உடம்பு மாறிட்டுது" எண்டுவா. ஒருத்தரையும் குறை சொன்னதில்லை. தன்ர கண்ணும் அந்தக் கணக்கில் சேரும் எண்டு மட்டும் அவ நினைக்கவில்லை. நாங்களும் நினைக்கவில்லை. அந்த வருசம் அவவுக்கு நித்திரை வராததும், திடீரெண்டு வேர்க்கிறதும், சட்டெண்டு எரிஞ்சு விழுகிறதும்கூட எங்களுக்கு "குணம்" ஆகத்தான் தெரிஞ்சது.

கண்ணாடி வந்த அண்டைக்கு அவ பேப்பரையோ ஊசியையோ எடுக்கவில்லை. தன்ர கையைத்தான் திருப்பித் திருப்பிப் பாத்தா. "இதென்ன, என்ர கை அம்மம்மான்ர கை மாதிரிக் கிடக்கு." கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கவில்லை. பிறகு எங்களில் மூத்தவளைக் கிட்டக் கூப்பிட்டு, நாடியைப் பிடிச்சுப் பாத்தா. "உனக்கும் ஒண்டு நரைச்சிருக்கடி." வருசக்கணக்காக அவ எங்கட முகத்தைக் கிட்டத்தில் தெளிவாகப் பார்க்காமல் இருந்திருக்கிறா எண்டது அப்பதான் எங்களுக்கு உறைச்சது.

மெசின் விற்கவில்லை. அந்த அன்ரி திரும்பி வரவில்லை, வேற ஆக்கள் வந்தினம். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலை மட்டும் இப்பவும் பகலில்தான் தைக்கிறா. ஊசிக்கு அவவே கோர்க்கிறா. நாங்கள் போய் நிண்டாலும் தரமாட்டா.

போன மாதம் கரண்ட் நிண்ட ஒரு பின்னேரம், விறாந்தையில் இருந்து அம்மாவின் ரேப்பால் நாங்கள் எங்களை அளந்து பாத்தம். பேப்பரை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து, எழுத்துக் கலங்கிற இடத்தில் நிப்பாட்டி அளக்கிறது. தம்பிக்கு 10. நடுவிலாளுக்கு 13. மூத்தவளுக்கு 15. அவள் நம்பாமல் இன்னொருக்கா அளக்கச் சொன்னாள். 15 தான்.

அம்மா சிரிச்சுப்போட்டு அளவுக் கொப்பியை எடுத்தா. எங்கட பேர் இருக்கிற பக்கத்தில் கடைசியா எழுதியிருந்தது பள்ளிக்கூடச் சட்டை அளவுகள். அதுக்குக் கீழ திகதியைப் போட்டு, மூண்டு எண்ணையும் எழுதினா.