ஈரடி மேடு

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னைவாசிகளான எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் கீழ்வானத்தைப் பார்ப்போம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தை நனைக்கும் மாதங்களில் மேற்குத்தொடர்ச்சி மலை எங்களுக்கு வரவேண்டிய மழையை மறித்துக்கொள்கிறது. எங்கள் பங்கு வங்கக் கடலிலிருந்துதான் வர வேண்டும். காற்றுத் திசைமாறி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கியபின், அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில்தான் ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டது பெய்கிறது. அதுவும் நாள்தோறும் அளவாகப் பெய்வதில்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலமொன்று கரையை நெருங்கும் இரண்டு மூன்று நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே இந்நகரத்தார் மழைக்காக ஏங்குவதும் மழையை ஏசுவதும் ஒரே ஆண்டில் நடக்கும்.

நாங்கள் வேளச்சேரியில் மனை வாங்கியது 1998-இல். அப்போது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது அதன் விலை மட்டுமே. நிலத்தின் சாய்மானத்தைப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. ஆதம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கி வரும். அங்கே பரந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலை அடையும். அந்த நீர் வரும் வழியில்தான் எங்கள் தெரு இருந்தது.

எதிரே ஒரு பழைய ஓட்டு வீடு. கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் அதில் தனியே வாழ்ந்தார். தெருவார் அனைவருக்கும் அவர் 'பாட்டியம்மா'. மண் முற்றம், ஒரு முருங்கை மரம், ஓர் உறைகிணறு; அவருடைய சொத்து அவ்வளவே.

2005 அக்டோபர் மழையில் எங்கள் வெற்று மனை குளமாகிக் கிடந்ததைப் பார்த்தோம். மறு ஆண்டு வீடு கட்டத் தொடங்கியபோது மேஸ்திரி, "ரெண்டடி ஏத்திடலாம் சார், அப்புறம் கவலையே இல்ல" என்றார். லாரி லாரியாக ரப்பீஷ் வந்து இறங்கியது. இடிந்த பல வீடுகளின் செங்கல்லும் காரையும் எங்கள் மனையை மேடாக்கின. சுற்றிலும் சேறாகக் கூடாதென்று வாசல் முதல் கொல்லைவரை சிமெண்டுத் தளம் போட்டோம். சட்டத்திற்காக ஒரு மழைநீர்த் தொட்டியும் வைத்தோம். இரண்டே ஆண்டுகளில் அது தூர்ந்துபோனது. நாங்கள் திறந்து பார்க்கவில்லை.

2015 டிசம்பர் 1. அன்றைய மழை தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். மின்சாரம் நின்று ஊர் இருண்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எங்கள் வாசற்படிகளை எண்ணியபடி அமர்ந்திருந்தோம். முதற்படி மூழ்கியது, இரண்டாம் படியும் மூழ்கியது. நள்ளிரவுக்குப் பின் மூன்றாம் படிக்குக் கீழே தண்ணீர் நின்றுவிட்டது. "நல்லவேளை, அன்றைக்கே மேடாக்கினோம்" என்று ஒருவரையொருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டோம். அந்த நிம்மதியை இன்று நினைத்தாலும் நாணமாக இருக்கிறது. ஏனெனில், அதன் பிறகுதான் எதிர்வீட்டின் நினைவு எங்களுக்கு வந்தது.

மார்பளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தோம். பாட்டியம்மா கட்டிலின்மேல் நாற்காலியைப் போட்டு அமர்ந்திருந்தார். மடியில் ஒரு துணிமூட்டை. தூக்கி வந்து எங்கள் மாடியறையில் படுக்க வைத்தோம். ஒன்பது நாள் எங்களோடு இருந்தார்.

மறுநாள் காலை மாடியில் நின்று தம் வீட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு மழைநீர் உங்கள் வீட்டுக்குள் வந்ததுண்டா என்று கேட்டோம். "முற்றம்வரைக்கும் வரும். அப்புறம் இந்தக் காலிமனையில போய் நிக்கும்" என்றார். அவர் கைகாட்டியது நாங்கள் நின்றிருந்த இடத்தை. எங்கள் முகம் மாறியதைக் கண்டிருக்க வேண்டும். "அதனால என்ன தம்பி, தண்ணி எங்கயாவது போகணுமில்ல?" என்று தாமே ஆறுதலும் சொன்னார். கடிந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

மூன்றாண்டுகள் கழித்து, 2018-இல் பருவமழை பொய்த்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் ஆழ்குழாயில் வெறுங்காற்று வந்தது. பிளாஸ்டிக் குடங்களோடு லாரிக்காகக் காத்திருந்த எங்களைப் பாட்டியம்மா அழைத்தார். அவருடைய கிணற்றின் அடியில் இடுப்பளவு நீர் இருந்தது. "குடிக்க ஆகாது, புழங்க ஆகும், எடுத்துக்குங்க" என்றார். சிமெண்டு காணாத அந்த முற்றம் எத்தனை மழையை உள்ளே விட்டிருந்ததோ! வெள்ளத்தை வாங்கிக்கொண்ட பள்ளம்தான் பஞ்சத்தில் எங்களுக்கு நீர் தந்தது. எங்கள் மேட்டிடம் தருவதற்கு ஒன்றுமில்லை.

2021-இல் அவர் மகள் வீட்டுக்குச் சென்று, அங்கேயே காலமானார். மனையை வாங்கியவர் ஓட்டு வீட்டை இடித்தார். மீண்டும் லாரிகள் வந்தன, இம்முறை நான்கடி. கிணற்றையாவது விட்டுவைக்கக் கூடாதா என்று கேட்கப் போனோம். "நீங்களும் ஏத்தித்தானே சார் கட்டியிருக்கீங்க?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அன்று மாலையே கிணறு ரப்பீஷால் மூடப்பட்டது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழையில் முதன்முறையாக எங்கள் கூடத்துக்குள் தண்ணீர் வந்தது. பொருள்களை மாடிக்கு ஏற்றும்போது எங்களில் யாரும் எதிர்வீட்டாரைக் குறைகூறவில்லை. பாட்டியம்மாவின் அந்தச் சொல்தான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் வடிந்தபின் கொல்லைப்புறச் சிமெண்டுத் தளத்தை உடைத்தோம். தொட்டியைத் தூர்வாரிப் புதிதாக மணலும் ஜல்லியும் இட்டோம். உடைத்த இடத்தில் ஒரு முருங்கைப் போத்து நட்டிருக்கிறோம். இதனால் வேளச்சேரியின் வெள்ளம் வடிந்துவிடாது என்பதை அறிவோம். எங்கள் கூரையில் விழும் மழையை அடுத்தவர் வாசலுக்கு அனுப்பாதிருக்க எங்களால் இயன்றது இதுவே.

கார்மேகம் கிழக்கே திரளும்போதெல்லாம் இன்னமும் அஞ்சுகிறோம். ஆயினும், இப்போது எங்கள் வாசற்படியை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. தெருவில் எந்த வீடு தாழ்ந்திருக்கிறது, அங்கே யார் தனியாக இருக்கிறார்கள் என்பதை மழைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்கிறோம்.