ஆவுளியா மேயும் வடகடல்

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது பயணிகளின் செல்போன்கள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிடுகின்றன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலம், செங்குத்தாக மேலே எழும்பும் அதன் நடுப்பகுதி... படம் எடுக்க நிறைய இருக்கிறது. ஆனால் இந்தக் கரையின் பெரிய அதிசயம் படத்தில் விழாது. அது தண்ணீருக்குள் இருக்கிற புல்வெளி.

பாலத்துக்கு வடக்கே இருப்பது பாக் விரிகுடா. மீனவர்களுக்கு அது வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் வீசினால் நேர்மாறு. இரண்டு கடலிலும் ஆழம் குறைந்த இடங்களில் வெயில் அடிமணல் வரை இறங்குகிறது. அங்கே கடல்புல் வளர்கிறது. பாசி அல்ல, வேர், தண்டு, பூ எல்லாம் உள்ள உண்மையான தாவரம். அதை மேய்கிற விலங்குதான் ஆவுளியா. பாடப்புத்தகத்தில் கடல் பசு.

பசுதான், ஆனால் யானைக்குச் சொந்தம்

பெயர் பசு என்றாலும் தரையில் இதற்கு நெருங்கிய உறவு யானைதான். மூன்று மீட்டர் நீளம், 400 கிலோ எடை வரை வளரும். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும். வேரோடு பிடுங்கித் தின்பதால், அது போன வழியில் ஏர் உழுத சால் மாதிரி மணல்கோடு விழும். மீனைப் போலச் செவுள் கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும்.

இந்த இரண்டு பழக்கங்களே அதற்கு எமனாயின. எங்கே மேய்கிறது என்பதைப் புல்லில் விழுந்த கோடு காட்டிக்கொடுத்தது. மூச்சுக்கு மேலே வரவேண்டிய கட்டாயம், வலையில் மாட்டியதை மூழ்கடித்துக் கொன்றது. ராமநாதபுரம் கரையில் இதற்கென்றே பெரிய கண்களுடன் ‘ஆவுளியா வலை’ இருந்தது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கங்களில் ஆவுளியா கரை இறங்கியதை மீன்வள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கறிக்கு விலை இருந்தது. எண்ணெயை மருந்து என்று நம்பினார்கள்.

அதே கரையில் இன்னொரு காட்சியும் நடந்தது. மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் ஓர் ஆண், ஒரு பெண் என ஆவுளியா ஜோடியை வளர்த்தார்கள். அந்த ஜோடியைப் பற்றி விஞ்ஞானி எஸ். ஜோன்ஸ் 1959-ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

ஒரு தாய் போனால்...

வட அமெரிக்கக் காடுகளில் எல்க் என்ற பெரிய மான் உண்டு. இலையுதிர் காலத்தில் ஆண் மான்கள் கனைத்துக்கொண்டு பெண் மான்களைக் கூட்டம் சேர்க்கும். அந்தக் காலத்திலும் பெண் எல்க்கைச் சுட அங்கே பல மாகாணங்கள் எண்ணி எண்ணி அனுமதிச் சீட்டு கொடுக்கின்றன. மந்தை அளவுக்கு மீறிப் பெருகாமல் இருக்க அது ஒரு வழி. பெண் எல்க் இரண்டு, மூன்று வயதிலேயே ஈனத் தொடங்கிவிடும்; பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு குட்டி. போன எண்ணிக்கை சீக்கிரம் திரும்பி வந்துவிடும்.

ஆவுளியாவின் கணக்கு வேறு. இதற்கும் இணை சேரும் பருவத்தில் போட்டி உண்டு. பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் வெளியே தெரியும் சின்னத் தந்தங்கள்; பல ஆண்கள் ஒரே பெண்ணைத் துரத்தும்போது ஒன்றையொன்று கீறிக்கொள்ளும். ஆனால் பெண் முதல் குட்டி போடவே பத்து வயதுக்கு மேல் ஆகலாம். 13 முதல் 15 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அது ஒன்றரை வருடம் வரை பால் குடிக்கும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருடம் ஆகும். எந்தத் தொல்லையும் இல்லாத கடலிலும் ஆவுளியாக் கூட்டம் ஆண்டுக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் பெருகாது என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆக, வலையில் ஒரு தாய் செத்தால் போவது ஓர் உயிர் அல்ல. கூடவே நீந்தும் பால்குடிக் குட்டியும், பிறக்க வேண்டிய குட்டிகளும் சேர்ந்தே போகின்றன.

இப்படிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. வட பசிபிக்கில் ஸ்டெல்லர் கடல் பசு என்று இதன் பிரம்மாண்டமான உறவு ஒன்று வாழ்ந்தது. 1741-ல் ஐரோப்பியர் கண்ணில் பட்டது. கறிக்காகக் கொன்று தீர்த்ததில், 1768-ல் அந்த இனமே இல்லை. வெறும் 27 வருடம்!

வலையை அறுத்தவர்கள்

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆவுளியா இருக்கிறது. வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாயின. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலை, இந்தியாவின் முதல் கடல் பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியக் கடல்கள் எல்லாம் சேர்ந்தே சில நூறு ஆவுளியாக்கள்தான் மிஞ்சியிருக்கும் என்பது கணிப்பு.

சட்டத்தை விடப் பெரிய மாற்றம் படகில் நடந்திருக்கிறது. இன்று ஆவுளியா சாவது பெரும்பாலும் வேறு மீனுக்கு விரித்த வலையில் தெரியாமல் சிக்கித்தான். அப்படிச் சிக்கியதை வலையை அறுத்து உயிரோடு விடும் மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அறுந்த வலை என்பது ஒரு குடும்பத்தின் முதல். அதனால்தான் வனத்துறை அவர்களுக்குப் பரிசுத் தொகை கொடுத்துப் பாராட்டுகிறது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடல் பசு பெயரிலேயே கல்வி உதவித்தொகைத் திட்டமும் வந்தது.

போகிறவர்களுக்கு

ஆவுளியாவை நேரில் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூச்ச சுபாவம், கலங்கிய தண்ணீர், எண்ணிக்கையும் குறைவு. அதன் வீட்டைப் பார்க்கலாம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைக் கும்பிட்டுவிட்டு, தொண்டி போகும் வழியில் காரங்காடு போகலாம். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். பாம்பன் பக்கம் குருசடைத் தீவுக்கும் வனத்துறைப் படகு உண்டு. காற்றும் கடலும் சரியில்லாத நாளில் படகு போகாது. முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

கரையில் நடக்கும்போது காலடியில் பச்சையும் பழுப்புமாக ரிப்பன் போன்ற இலைகள் ஒதுங்கிக் கிடக்கும். பலர் குப்பை என்று தாண்டிப் போவார்கள். குழந்தைகள் கையில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, இது யாருடைய சாப்பாடு என்று சொல்லலாம். அந்தப் புல் இருக்கிற வரைதான் இறால் குஞ்சுக்கும் நண்டுக்கும் மீனுக்கும் மறைவிடம். மீனவர் வீட்டு அடுப்புக்கும் அதுதான் ஆதாரம்.