ஒலிக்குமிழும் ஊழியன் செவியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழும் நமக்குப் பேரோசை புதிதன்று. கப்பற்பட்டறையிலே இரும்பின் துருவைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் குடும்பம் காத்த முதியோர் பலருக்கு, இன்று எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. 2006ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவைக் கடந்து எறிகணைகள் பறந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் அண்மையில் நகரின் படமாளிகையொன்றில் நாம் கேட்டது, காசு கொடுத்து வாங்கிய ஓசை!

கதாநாயகன் கதவைத் திறந்தாலும் இடி, மூடினாலும் இடி. அடுத்த இருக்கைத் தாய் தன் குழந்தையின் காதுகளைப் பொத்தினாள். தன் காதைப் பொத்த அவளுக்குக் கையில்லை. வசனமோ இசைக்கு அடியில் அமிழ்ந்துவிட்டது. 1952இல் ‘பராசக்தி’ வந்தபோது நம் மக்கள் வசனம் கேட்கவே கொட்டகைக்குப் போனார்கள் என்பதை இங்கு நினையாதிருக்க முடியவில்லை.

இடைவேளையில், படம் ஓட்டும் இளைஞரிடம் சென்றோம்.

“குறைச்சால் முன்வரிசை விசிலடிக்குது, கூட்டினால் நீங்கள் வாறீங்கள், ஐயா” என்று சிரித்தார்.

அவர் காட்டிய கருவியில் 0 முதல் 10 வரை எண்கள். 7இல் வைத்தால், படத்தை ஆக்கியோர் தம் ஒலிக்கூடத்தில் கேட்ட உரப்பே அரங்கிலும் ஒலிக்க வேண்டும் என்பது கணக்கு. ஓர் எண் குறைத்தால் ஒலியின் ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அரங்குகள் குறைக்கின்றன என்று ஆக்குவோர் உரப்பைக் கூட்டுகிறார்கள். அவர்கள் கூட்டுகிறார்கள் என்று அரங்குகள் மேலும் குறைக்கின்றன. இந்த இழுபறியில் நசுங்குவது மனிதப் பேச்சு. நம் வேண்டுகோளுக்கிணங்கி அன்று அவர் 6க்கு இறக்கினார். ஒருவரும் விசிலடிக்கவில்லை!

நாமோ இரண்டரை மணி நேரத்தில் எழுந்து வந்துவிடுவோம். கைவிளக்கோடு இருக்கை காட்டும் ஊழியர் எங்கே போவார்? 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் செவி தாங்கலாம் என்பர் தொழிற்சுகாதார அறிஞர். மூன்று மூன்றாகக் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரமே. நாம் கண்ட ஊழியர் நாள்தோறும் நான்கு காட்சிகள் நிற்கிறார். வீட்டிலே வானொலியைக் குறைக்கும்படி பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்களாம். அவருக்கு வயது முப்பத்தொன்று.

சட்டம் இல்லையோ என்றால், உண்டு. இந்நாட்டின் 1996ஆம் ஆண்டு ஒலிக்கட்டுப்பாட்டு விதிகள் வளவின் எல்லையில் நின்று ஓசையை அளக்கின்றன. மதிலுக்கு வெளியே உறங்குபவரைக் காப்பது நல்லதே. மதிலுக்குள் கூலிக்கு நிற்பவனின் செவியை எவர் அளப்பது?

ஊழியர் நிற்கும் இடத்தில் ஓசையை அளந்து, அவ்வெண்ணை டிக்கற் கூண்டருகே எழுதி வைக்குமாறும், அவர்களுக்குக் காதடைப்பான் வழங்குமாறும் முகாமையாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். தீபாவளிப் படம் ஓடி முடியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்.