மானாவுக்கு ஒரு முகவரி

ஜூலை 28, பதுளை

கச்சான் காற்று ஓயவில்லை. நமுனுகுலப் பக்கம் ராத்திரி நெருப்பு தெரிந்தது. மழை விழுந்ததும் மாட்டுக்கு இளம்புல் கிடைக்குமே என்று பத்தனைப் புல்வெளிக்கு யாரோ தீ வைக்கிறார்கள். மானாப் புல் எரிந்தாலும் தூரிலிருந்து துளிர்த்துவிடும். நடுவே முளைத்த மரக்கன்றுதான் சாகும்.

ஜூலை 30

தெமோதரைக்கு மேலே, தீ படாத சரிவில் கதிர்விட்ட மானா ஒன்றை வேரோடு எடுத்தேன். ஆளுயரம். இலை விளிம்பு விரலைக் கீறியது. கசக்கினால் எலுமிச்சை வாசம். சிறு கதிர்கள் இரண்டிரண்டாக, ஒவ்வொரு ஜோடிக்கும் செம்பழுப்பில் ஒரு மடல். தண்டை மடித்துப் பழைய வீரகேசரிக்குள் வைத்து அழுத்தினேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அக்கா ஒருவர் நின்று பார்த்தார்.

"என்னா மாஸ்டர், கூரைக்கா? நல்ல மானா வேணும்னா பங்களா மலைக்கு மேல போங்க. முத்துனத மாடுகூட தொடாது."

தோட்டத்தில் மலைக்கு மலை பெயர் உண்டு. வரைபடத்தில்தான் இல்லை.

ஓகஸ்ட் 6, பேராதனை

தாவரவியல் பூங்காவின் உலர்தாவரக் காப்பகம். மானாவின் பதிவு பழையது. 1670களில் ஹெர்மன் என்ற தாவரவியலாளர் இலங்கையில் சேர்த்த செடிகளைக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதினார். 1753இல் இந்தப் புல்லுக்கு 'ஆண்ட்ரோபோகன் நார்டஸ்' என்று பெயரிட்டார். இன்று அது 'சிம்போபோகன் நார்டஸ்'.

1849 முதல் 1880 வரை பூங்காவை நடத்திய த்வைட்ஸின் 'சி.பி.' எண்கள்தான் எனக்கு எரிச்சல். செடிவகைக்கு ஓர் எண். வெவ்வேறு மலையில், வெவ்வேறு வருடத்தில் பறித்தவையும் அதற்குள்ளேயே அடங்கும். ஊவாவா, நுவரெலியாவா என்று எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. பெரிய உழைப்பாளிதான், மறுக்கவில்லை. ஆனால் இடம் இல்லாத புல் பாதிச் சாட்சி.

ஓகஸ்ட் 7, ரயிலில்

த்வைட்ஸைவிடப் பியர்சன் மேல். பத்தனைகளைப் பற்றி 1899இல் தனிக்கட்டுரையே எழுதி, ஈரப் பத்தனை, வறண்ட பத்தனை என்று பிரித்தவர். பின்னாளில் தென்னாபிரிக்காவின் கேர்ஸ்டன்பொஷ் பூங்காவுக்கு முதல் இயக்குநர். பண்டாரவளை தாண்டியதும் ஜன்னலில் பைனஸ். அவர் காலத்தில் அங்கே புல்தான் இருந்திருக்கும்.

ஓகஸ்ட் 10

தாள் காய்ந்துவிட்டது. சீட்டில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், மலையின் பெயர், உயரம், கடைசியாகத் தீப்பட்ட மாதம் எல்லாம் எழுதினேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளே, புல் அழுத்தினால் 'பதுளை மாவட்டம்' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். மலையின் பெயரை அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.