முப்பது வருஷம் கழித்து ஒரு மன்னிப்பு



1993இல் நம் பள்ளி அறிவியல் கண்காட்சி ஞாபகம் இருக்கிறதா? எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், வீட்டு மின்சாரத்தை நேர் மின்சாரமாக மாற்றிக் காட்டுகிறேன் என்றான். “எத்தனை வோல்ட் கெப்பாசிட்டர் வாங்கணும் டீச்சர்?” என்று கேட்டான். “கரண்ட் 230 தானே, 250 போதும்டா” என்றேன். சுவிட்சைப் போட்டதும் கொஞ்ச நேரத்தில் கெப்பாசிட்டர் வெடித்தது. புருவத்தில் காயம். கண் தப்பியது கடவுள் செயல். “கவனமில்லாத பய” என்று எல்லார் முன்னாலும் அவனைத்தான் திட்டினேன்.

இப்போது அவன் தெரேஸ்புரத்தில் வள்ளங்களுக்கு வயர்லெஸ், மீன் தேடும் கருவியெல்லாம் பழுது பார்க்கிறான். போன வாரம் டிப்ளமோ படிக்கும் மகளோடு வீட்டுக்கு வந்தான். அவள் கையில் ஒரு சின்னச் சுற்று: ஒரு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர். “உச்ச வோல்டேஜைப் பிடிக்கிற சுற்று ஆச்சி” என்றாள்.

டிரான்ஸ்பார்மரில் மீட்டர் 6 வோல்ட் காட்டியது. கெப்பாசிட்டரில் வைத்தால் ஏறக்குறைய 8! அவளே விளக்கினாள். மீட்டர் காட்டுவது அலையின் உச்சி அல்ல. அதே அளவு சூடு தரும் நேர் மின்சாரத்துக்குச் சமமான கணக்கு. உச்சி அதைப்போல 1.414 மடங்கு. டயோடு ஒருவழிக் கதவு. ஏறியதை இறங்க விடாது. சிலிக்கான் டயோடு தனக்கென்று 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும். அந்தக் குறை தெரியாமல் அளக்க ஆப்-ஆம்ப் சேர்ப்பார்களாம். ரெசிஸ்டர் பழைய உச்சியை மெல்ல வடியவிட்டு அடுத்ததற்கு இடம் கொடுக்கும்.

நம் கடற்கரையில் அலை ஏறிய இடத்தில் பாசி ஒரு கோடு போட்டு நிற்குமே, அதுதான் கெப்பாசிட்டர். அந்தக் காலத்தில் இலங்கை வானொலிப் பாட்டைச் சிற்றலையிலிருந்தும் மத்திய அலையிலிருந்தும் பிரித்துத் தந்ததும் இதே டயோடு, கெப்பாசிட்டர் சேர்க்கைதான்.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். 230ஐ 1.414ஆல் பெருக்கினால் 325. நான் சொன்னது 250. தப்பு என்னுடையது.

அவனிடம் சொன்னேன். “எனக்கு அப்பவே தெரியும் டீச்சர், பாலிடெக்னிக்ல படிச்சப்போ” என்று சிரித்தான். ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை.

எல்லார் முன்னாலும் திட்டினேன். அதனால் எல்லார் முன்னாலும் கேட்கிறேன்: மன்னித்துக்கொள் ராசா.

மற்றவர்களுக்கு ஒன்று: வீட்டு மின்சாரத்தில் நேரடியாக விளையாடாதீர்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டால், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்