பேட்மேன் முடிஞ்சுபோச்சு... அடுத்து என்ன பாஸ்?

'பேட்மேன்'னு சொன்னதும் இருட்டு, மழை, கரகரக் குரல்னு கற்பனை பண்றவங்க கொஞ்சம் ஓரமா உட்காருங்க. நான் பேசப்போறது 1966 ஜனவரியிலிருந்து 1968 மார்ச் வரைக்கும் அமெரிக்காவின் ஏ.பி.சி சேனலில் ஓடிய பேட்மேன். சாம்பல் கலர் பனியன், முதுகில் நீலத் துணி, லேசா தொப்பை. ஒவ்வொரு குத்துக்கும் திரையில 'பவ்!', 'ஜாப்!'னு எழுத்து வெடிக்கும். மொத்தம் 120 எபிசோடு. அத்தனையும் முடிச்சுட்டு, சாப்பாட்டுத் தட்டோட லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து எதைப் பாக்கிறதுன்னு முழிக்கிற ஜீவனா நீங்க? வாங்க, நம்ம கட்சி!

போன செமஸ்டர் முழுக்க எங்க ஹாஸ்டல் ரூம்ல தினம் ராத்திரி ரெண்டு எபிசோடு. ஏன் ரெண்டுன்னா, பெரும்பாலும் கதையே ரெண்டு பாகம். புதன்கிழமை வில்லன் ஏதாவது ராட்சத மெஷின்ல பேட்மேனைக் கட்டிப்போடுவான். வியாழக்கிழமை அவர் தப்பிச்சு வருவார். மூணாவது சீசன்ல வாரம் ஒண்ணுன்னு ஆக்கிட்டாங்க, சரக்கும் குறைஞ்சுபோச்சு. மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு ரொம்பப் பிடிச்சது பேட் குகை. உள்ளே இருக்கிற சாமான் ஒவ்வொண்ணுக்கும் பேர் எழுதி ஒட்டியிருப்பாங்க. எங்க லேப்ல லேத் மெஷினுக்குக்கூட அந்த பாக்கியம் கிடையாது! அப்புறம் அந்தச் சுவர் ஏறுற சீன்... செட்டைத் தரையில படுக்கப் போட்டு, கேமராவைச் சாய்ச்சு வெச்சுடுவாங்க. பேட்மேனும் ராபினும் கயிற்றைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு நடந்து வருவாங்க. ஏறுறாங்களாம்!

நீங்க யார்கிட்ட கேட்டாலும் 'அடுத்து டார்க் நைட் பாரு மச்சி'ம்பாங்க. நல்ல படம்தான், இல்லேங்கலை. ஆனா, பாயசம் கேட்டவனுக்குக் கஷாயம் கொடுத்தா எப்படி? நீங்க தேட வேண்டியது சூப்பர் ஹீரோவை இல்லை. சிரிக்காம கடிக்கிறவங்களை! இந்த சீரியலோட ரகசியமே ஆடம் வெஸ்ட்டோட மூஞ்சிதான். 1966-ல் வந்த சினிமாவில் ஹெலிகாப்டர் ஏணியில தொங்குறார், கால்ல ஒரு ரப்பர் சுறா கவ்வியிருக்கு. மேலிருந்து ராபின் சுறா விரட்டி ஸ்ப்ரேயை நீட்டுறார். இவரும் வாங்கி அடிக்கிறார், ஏதோ ஜலதோஷத்துக்கு விக்ஸ் தடவுற மாதிரி. அதே படத்துல புகையுற வெடிகுண்டைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுத் துறைமுகம் முழுக்க ஓடுவார். எங்கே போட்டாலும் யாராவது இருக்காங்க. கன்னியாஸ்திரிகள், பேண்டு வாத்தியக் குழு, படகுல காதல் ஜோடி, கடைசியில வாத்துக் குஞ்சுகள்! ஒரு நொடிகூட அந்த முகம் சிரிக்காது.

இந்த ருசி நாக்குல ஒட்டியிருந்தா, முதல்ல 'கெட் ஸ்மார்ட்'. 1965-லிருந்து 1970 வரை ஓடுனது, 138 எபிசோடு. மெல் புரூக்ஸும் பக் ஹென்றியும் உருவாக்கின உளவாளி காமெடி. ஷூவுக்குள்ள போன் வெச்சிருப்பார் ஹீரோ. ரகசியம் பேச ஒரு கண்ணாடிக் கூண்டு இறங்கும், உள்ளே இருக்கிற ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேட்காது. 'தி கிரீன் ஹார்னெட்'டும் பாக்கலாம், 26 எபிசோடுதான். புரூஸ் லீ இருக்கார். பேட்மேனோட தயாரிப்பாளர் வில்லியம் டோசியர்தான் இதுக்கும். ஆனா இதுல கடி கிடையாது, எல்லாம் நிஜ சீரியஸ். எனக்கு நாலு எபிசோடுல கொட்டாவி வந்துடுச்சு.

நான் முக்கியமா சொல்ல வந்தது வேற. 1992-ல் 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்'ல 'கிரே கோஸ்ட்'னு ஒருத்தர் வர்ற எபிசோடு. அந்தக் காலத்து டி.வி சூப்பர் ஹீரோவா நடிச்ச ஒரு நடிகர். அந்த வேஷத்துக்கு அப்புறம் அவருக்கு வேற வேலையே யாரும் தரலை. வாடகை கொடுக்க, ஆசையா சேர்த்து வெச்ச பழைய சாமான்களை விக்கிறார். அவருக்குக் குரல் கொடுத்தது யார்னு நினைக்கிறீங்க? ஆடம் வெஸ்ட். நிஜத்துலயும் 1968-க்கு அப்புறம் அவர் கதவைத் தட்டின வேஷம் ரொம்பக் குறைவு. பேட்மேன் டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டுப் பொது நிகழ்ச்சிகள்ல தலைகாட்டித்தான் பிழைச்சார்.

எபிசோடு முடிஞ்சதும் வழக்கமா கமென்ட் அடிச்சே கொல்ற என் ரூம்மேட், சத்தமே காட்டலை. எழுந்து வெளியே போய் போன் போட்டான். எடுக்கலை. 'அப்பா இந்நேரம் மேடையில இருப்பார்டா'ன்னான். மூணு வருஷமா 'அப்பா விவசாயம்'னுதான் சொல்லியிருந்தான். அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, அவங்கப்பா புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துல பபூன். திருவிழா சீசன்ல ராத்திரி பத்து மணிக்கு மேடை ஏறினா விடியற வரைக்கும் நாடகம். அவரு ஒருமுறை ராஜபார்ட் கேட்டாராம். 'நீ வந்தாலே ஜனம் சிரிச்சுடும்ப்பா'ன்னுட்டாங்களாம். அக்காவுக்கு மாப்பிள்ளை பேச வந்தவங்ககூட, அவர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே சிரிச்சாங்களாம். இவன் அதை எங்கிட்ட சிரிக்காமதான் சொன்னான்.

பொங்கல் லீவுக்கு லேப்டாப்பை ஊருக்கு எடுத்துட்டுப் போய் அப்பாவுக்கு அந்த வெடிகுண்டு சீனைப் போட்டுக் காட்டியிருக்கான். அவருக்கு இங்கிலீஷ் வராது. ரெண்டு தடவை பாத்துட்டு, 'வாத்தைப் பாத்தும் சிரிக்காம நிக்கிறான் பாரு, தொழில் தெரிஞ்சவன்'னு சொன்னாராம். 'இந்த ஆளுக்கு அப்புறம் என்ன வேஷம் குடுத்தாங்க?'ன்னும் கேட்டிருக்கார்.

அந்தக் கேள்விக்கு பதில்தான் 'பேட்மேன்: தி பிரேவ் அண்ட் தி போல்டு'. 2008-லிருந்து 2011 வரை வந்த கார்ட்டூன், 65 எபிசோடு. பழைய கலர், பழைய லொள்ளு, எல்லாம் திரும்பி வந்துச்சு. அதுல 2010-ல் வந்த ஒரு எபிசோடுல ஆடம் வெஸ்ட்டுக்கு பேட்மேனோட அப்பா வேஷம், குரல்தான். அம்மாவுக்குக் குரல், பழைய கேட்வுமன் ஜூலி நியூமர்! 2017 ஜூன்ல, 88 வயசுல அவர் இறந்தப்போ லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி ஹால் சுவர்ல வௌவால் விளக்கை அடிச்சாங்க. அவர் கடைசியா பேட்மேனா பேசின 'பேட்மேன் வெர்சஸ் டூ ஃபேஸ்' கார்ட்டூன் படம் அதுக்கப்புறம், அக்டோபர்லதான் வந்துச்சு.

என் ரூம்மேட் இப்போ கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்காக புனேவுல இருக்கான். ராத்திரி ஒன்பதரைக்கு ரெண்டு பேரும் போனைப் போட்டுக்கிட்டு, 'ஒண்ணு, ரெண்டு, மூணு'ன்னு எண்ணி ஒரே நேரத்துல பிளே அழுத்துறோம். 'கெட் ஸ்மார்ட்' ரெண்டாவது சீசன் ஓடிக்கிட்டிருக்கு. அவன் பக்கம் எப்பவும் நாலு செகண்டு லேட். நான் முதல்ல சிரிச்சுட்டா திட்டுவான்.