ரெண்டு சைஸ் பெரிசா ஒரு ஸ்கேட்டிங் ஷூ

இயர் எண்டிங் ஆணியெல்லாம் புடுங்கி முடிச்சு இப்பதான் நிமிர்ந்து உக்காந்திருக்கேன். சண்டிகர் வெயில் மண்டையைப் பொளக்கறதுக்குள்ள ஒண்ணை எழுதிடணும். புள்ளைங்களுக்கு ஸ்கேட்டிங் ஷூ வாங்கப் போற அப்பாமார்களே, நான் செஞ்சதைச் செய்யாதீங்க.

கொஞ்சம் கொசுவத்தி. கரூர்ல ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கறப்ப எங்கப்பா வாங்கித் தர்ற ஷூ எப்பவும் ஒரு சைஸ் பெரிசாத்தான் இருக்கும். முன்னாடி கொஞ்சம் பஞ்சு அடைச்சுக்கணும். வளர்ற கால்தானே! அது சரியாப் பொருந்தற நேரத்துல அடி தேஞ்சு போயிருக்கும். பி.காம். படிச்சு, பேங்குல சேர்ந்து, இருபது வருஷமா தேய்மானக் கணக்கு பார்த்தவனுக்கு அந்தப் புத்தி மட்டும் தேயவே இல்லை.

பொண்ணுக்குப் பத்து வயசு. செக்டர் 10 ரிங்க்ல பழகறா. முதல்ல வாங்கினது, பட்டனை அமுக்கி நீளத்தைக் கூட்டிக் குறைக்கற ரகம். 2025 செப்டம்பர்ல, சீனாவுல நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில நம்ம சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டர்லயும் 42 கிலோமீட்டர் மாரத்தான்லயும் தங்கம் ஜெயிச்சார் இல்லையா? அந்த வீடியோவைப் பார்த்ததுலேர்ந்து "அப்பா, எனக்கும் நிஜ ஷூ"ன்னு ஒரே பல்லவி.

தங்கமணி "கால் அளவு பார்த்து வாங்குங்க"ன்னாங்க. கேட்டேனா? கடைக்காரர் வீல் எத்தனை மில்லிமீட்டர், பேரிங் என்ன நம்பர்னு அரைமணி நேரம் விளக்கினார். புள்ள காலை மட்டும் யாரும் அளக்கலை. ஷூ விலையை ரெண்டு வருஷத்தால வகுத்துப் பார்த்து, ரெண்டு சைஸ் பெரிசா வாங்கிட்டு, ஏதோ லாபம் பண்ணிட்ட மாதிரி வீடு வந்து சேர்ந்தேன்.

நவம்பர்ல ஒரு நாள் கோச் "சார் ஜி, இதர் தேக்கியே"ன்னு கூப்பிட்டார். அவ சும்மா நிக்கறப்பவே ரெண்டு கணுக்காலும் உள்பக்கமா சாயுது. ஷூவைக் கழட்டினா உள்ள ரெண்டு ஜோடி சாக்ஸ். குதிகால்ல கொப்புளம் உடைஞ்சு சாக்ஸோட ஒட்டிக்கிட்டிருக்கு.

"ஏன் பாப்பா சொல்லலை?"

"காசு ஜாஸ்தின்னு அம்மாகிட்ட சொன்னீங்கல்ல. வலிக்குதுன்னா கிளாஸை நிறுத்திடுவீங்கன்னுதான்..."

அன்னைக்கு பார்க்கிங்ல வண்டியை எடுக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு எனக்கு.

அப்புறம் கோச்தான் பாடம் எடுத்தார். சாயங்காலமா அளக்கணுமாம், பகல் பூரா நடந்து கால் லேசா வீங்கியிருக்கும். செவுத்துல குதிகாலை ஒட்டி, பேப்பர் மேல ஏறி நிக்க வெச்சு, நீளமான விரல் நுனியில கோடு. ரெண்டு காலையும் அளக்கணும். இவளுக்கு இடது 214, வலது 218 மில்லிமீட்டர்! பெரிய காலுக்குத்தான் ஷூ. 35, 36ங்கற நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால மில்லிமீட்டரை வெச்சுத்தான் கேக்கணும். மெல்லிசா ஒரு சாக்ஸ் போதும். காலை உள்ள விட்டதும் குதிகாலைத் தரையில தட்டிப் பின்னாடி தள்ளிட்டு, விரல் பக்கம் தளர்வா, கணுக்கால் பக்கம் இறுக்கமாக் கட்டணும். நேரா நின்னா விரல் நுனி லேசா முட்டணும், முட்டியை மடக்கினா விலகணும். எம்பிப் பார்த்தா குதிகால் தூக்கவே கூடாது. தூக்கினா எவ்ளோ விலைன்னாலும் வேண்டாம்.

இன்னொண்ணு. ஆனந்த்குமார் போடற மாதிரி கணுக்காலுக்குக் கீழயே முடியற ஷூதான் இவ கேட்டது. கோச் ஒத்துக்கலை. கால்ல பலம் ஏறுற வரைக்கும் கணுக்காலை உசரமாப் பிடிச்சுக்கற ரகம்தான்னுட்டார். ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா.

பழைய ஷூவைப் பாதி விலைக்கு ஒரு பெரிய பையனுக்குக் குடுத்தாச்சு. நஷ்டக் கணக்குல எழுதியாச்சு. இப்ப மாசாமாசம் முதல் ஞாயிறு செவுத்தோரம் பேப்பர் போட்டு அளக்கறோம். போன தடவை பார்த்தா 3 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கா. தங்கமணி என் மூஞ்சியையே பார்த்தாங்க. நான் வாயே திறக்கலையே!